சிறுநீரகத்தில் ஊதும் சங்கு

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து, நிமிடத்திற்கு ஏறக்குறைய 125 மில்லிலிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். பெருக்கிப் பாருங்கள், 180 லிட்டர் வருகிறது. இந்த நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 140 மில்லிமோல் சோடியம் கரைந்துள்ளது. ஆகவே ஒரு நாளில் வடிகட்டப்படும் சோடியம் 25,200 மில்லிமோல், அதாவது 25.2 மோல். ஒரு மோல் சாப்பாட்டு உப்பின் எடை 58.5 கிராம் என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். 25.2 ஐ 58.5 ஆல் பெருக்கினால் கிடைப்பது 1,474 கிராம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு!

நாம் ஒரு நாளில் உண்ணும் உப்பு எவ்வளவு? 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் விரும்புகிறவர் 10 கிராம் உண்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். உடலிலுள்ள உப்பின் அளவு கூடாமலும் குறையாமலும் இருக்கவேண்டுமானால் அந்த 10 கிராம்தான் வெளியேறவேண்டும். மீதி 1,464 கிராமும் இரத்தத்திற்கே திரும்பிவிடவேண்டும். நாள்தோறும் இது தவறாமல் நடந்துகொண்டிருக்கிறது.

தவறினால் என்ன ஆகும்? வடிகட்டிய உப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் கூடுதலாக நழுவிவிட்டது என்று கொள்வோம். அது 74 கிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் செல்களுக்கு வெளியே உள்ள நீர் சுமார் 14 லிட்டர். அதிலுள்ள சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் 115 கிராம்தான். ஒரே நாளில் அதில் பாதிக்கு மேல் போய்விட்டால், உப்போடு நீரும் போகும், இரத்த அழுத்தம் சரியும், உயிரே போய்விடும். நூற்றுக்கு ஐந்து பங்குப் பிழைக்கு இத்தனை பெரிய தண்டனை!

இந்தக் கணக்கைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர்கள் பலர். ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருக்கலாம். பாடநூல்கள் அதிகம் பேசாத ஒரு மேற்பார்வையாளரும் உண்டு. அதன் பெயர் அடினோசின். இது உருவில் சிறியது. ஆயுளோ சில விநாடிகள்தான். அது செய்யும் வேலையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

நெஃப்ரானின் வழியே

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு நீண்ட, மெல்லிய குழல். அதன் தலைப்பகுதியில் கிளாமருலஸ் என்னும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. உட்செல் நுண்தமனி வழியாக இரத்தம் இதற்குள் நுழைகிறது. இங்கே இரத்தத்தின் அழுத்தத்தால் நீரும் உப்பும் குளுக்கோசும் யூரியாவும் வடிந்து குழலுக்குள் இறங்குகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடியாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன.

வடிந்த நீர் முதலில் அண்மைச் சுருள் குழலைக் கடக்கிறது. சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே மீட்கப்பட்டுவிடுகிறது. அடுத்து வருவது கொண்டை ஊசிபோல் வளைந்த ஹென்லே வளைவு. அது சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவுக்குள் இறங்கி, மீண்டும் மேலேறுகிறது. ஏறும் பகுதியின் தடித்த சுவர் இன்னொரு கால் பங்கு சோடியத்தை மீட்கிறது. மிச்சமுள்ளதைச் சேய்மைச் சுருள் குழலும் சேகரிப்புக் குழாயும் பார்த்துக்கொள்கின்றன. எது எவ்வளவு வெளியேறவேண்டும் என்ற இறுதித் திருத்தம் இந்தக் கடைசிப் பகுதியில்தான் செய்யப்படுகிறது.

நண்டின் நரம்பில் கிடைத்த பம்பு

சோடியத்தை மீட்பது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். யார் மீட்கிறார்கள்? எந்தச் சக்தியைக் கொண்டு?

இதற்கு விடை கண்டவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ. அவர் ஆராய்ந்தது சிறுநீரகத்தை அன்று. கடற்கரை நண்டின் கால் நரம்புகளை! அந்த நரம்புகளின் சவ்வில் ஒரு நொதி இருப்பதை 1957 ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். அந்த நொதி ஓர் ஏ.டி.பி. மூலக்கூறை உடைத்து, அதில் கிடைக்கும் சக்தியால் மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதுவே சோடியம் பம்பு. இந்தக் கண்டுபிடிப்புக்காக 40 ஆண்டுகள் கழித்து, 1997 இல், வேதியியலுக்கான நோபல் பரிசில் பாதி ஸ்கோவுக்குக் கிடைத்தது.

நெஃப்ரானின் சுவரிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் இந்தப் பம்புகள் நிறைந்துள்ளன. ஆனால் செல்லின் எல்லாப் பக்கங்களிலும் அவை இல்லை. இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் மட்டுமே உள்ளன. அவை சோடியத்தை இரத்தத்தின் பக்கமாக இறைத்துக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது. உடனே குழலின் பக்கமுள்ள வாயில்கள் வழியாகப் புதிய சோடியம் செல்லுக்குள் நுழைகிறது. முன்வாசல் வழியே வந்து, பின்வாசல் வழியே இரத்தத்திற்குப் போய்விடுகிறது.

பம்பு ஓட எரிபொருள் வேண்டும். சிறுநீரகம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இந்தச் சோடியம் இறைக்கும் வேலைக்கே செலவாகிறது. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்களுக்கு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எரிபொருளின் சாம்பல்

ஏ.டி.பி. என்பது அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்பதன் சுருக்கம். ட்ரை என்றால் மூன்று. அடினோசின் என்ற மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருக்கின்றன. பாஸ்பேட் கழலும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு செல் தன் வேலைகளைச் செய்துகொள்கிறது.

ஏ.டி.பி.யை 1929 ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்தார். அதே ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாக அதைக் கண்டறிந்தார்கள். சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் பெயரை நாம் மறக்கலாகாது.

மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்று கழன்றால் ஏ.டி.பி. ஏ.டி.பி. ஆக இருப்பதில்லை, இரண்டு பாஸ்பேட் உள்ள பொருளாகிறது. இன்னொன்றும் கழன்றால் ஒரு பாஸ்பேட் மட்டும் மிஞ்சும்; அதுவே ஏ.எம்.பி. கடைசி பாஸ்பேட்டும் போய்விட்டால் எஞ்சுவது வெறும் அடினோசின். விறகு எரிந்தபின் அடுப்பில் சாம்பல் மிஞ்சுவதைப் போன்றது இது.

அடுப்பில் சாம்பல் நிறைந்திருந்தால் நாம் என்ன முடிவு செய்வோம்? இங்கே நிறைய விறகு எரிந்திருக்கிறது என்றுதானே! செல்களும் அவ்வாறே முடிவு செய்கின்றன. ஒரு திசுவில் அடினோசின் மிகுந்தால், அங்கே வேலை அதிகம், ஆக்சிஜன் வரவு போதவில்லை என்று பொருள்.

சாம்பலுக்கு இப்படி ஒரு சக்தி இருப்பது தற்செயலாகவே வெளிப்பட்டது. 1929 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆலன் ட்ரூரியும் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜியும் இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். அவற்றின் இதயத் துடிப்பு குறைந்தது. அந்தச் சாற்றில் வேலை செய்தது அடினோசின் வகைப் பொருளே என்று கண்டார்கள். இன்றும் சிலவகை அதிவேக இதயத் துடிப்பைத் தணிக்க மருத்துவர்கள் அடினோசினை ஊசியாகப் போடுகிறார்கள். போட்ட சில விநாடிகளில் அது இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

ஒரு சங்கு, பல செவிகள்

பஞ்சாலைகள் உள்ள ஊர்களில் ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதினால் ஊரே அசையும். இரவு ஷிப்டு முடிந்தவர் வீட்டுக்குக் கிளம்புவார். காலை ஷிப்டுக்காரர் ஆலைக்கு ஓடுவார். வீட்டிலிருக்கும் அம்மா அடுப்பில் உலை வைப்பார். பள்ளிப் பிள்ளைகள் குளிக்க எழுந்திருப்பார்கள். சங்கொலி ஒன்றுதான், கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து நடக்கும் காரியம் வேறு.

அடினோசினும் அப்படி ஒரு சங்குதான். அதைக் கேட்கும் செவிகள் செல்லின் மேற்புறத்திலுள்ள ஏற்பிகள் என்னும் புரதங்கள். இவற்றில் நான்கு வகைகள் உள்ளன: ஏ-1, ஏ-2-ஏ, ஏ-2-பி, ஏ-3. இவற்றுள் முதல் மூன்றையும் நினைவில் வையுங்கள். நம் கதைக்கு அவை போதும்.

அடினோசின் செல்லுக்கு வெளியே ஏற்பியில் வந்து பொருந்துகிறது. செய்தியை உள்ளே கொண்டுசெல்ல ஒரு தூதன் வேண்டும். சுழல் ஏ.எம்.பி. என்ற பொருளே அந்தத் தூதன். இத்தகைய தூதர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏ-1 ஏற்பி அடினோசினைக் கேட்டால் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. குறைகிறது. ஏ-2 வகை ஏற்பிகள் கேட்டால் அது கூடுகிறது. ஆகவே ஒரு செல்லில் எந்தச் செவி இருக்கிறது என்பதே, அந்தச் செல் என்ன செய்யும் என்பதை முடிவு செய்கிறது.

தவளை சொன்ன சாட்சி

இரத்தக்குழாயும் நரம்பும் ஹார்மோனும் கலந்திருக்கும் சிறுநீரகத்தில், அடினோசின் நேரடியாகக் குழல் செல்களை ஆட்டிவைக்கிறதா, வேறு ஏதேனும் வழியாகவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு உதவியது தவளை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் உஸ்ஸிங் என்ற விஞ்ஞானி ஒரு சோதனைப் பெட்டியைச் செய்தார். பெட்டியின் நடுவே தடுப்புச் சுவர்போல் தவளைத் தோலைப் பொருத்தினார். இரு பக்கமும் ஒரே மாதிரியான உப்புக் கரைசல். இரு பக்கத்திற்கும் இடையே மின்னழுத்த வேறுபாடும் இல்லாதபடி வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திச் சமன் செய்தார். இப்போது சோடியம் ஒரு பக்கமாக நகர எந்த வெளிக்காரணமும் இல்லை. ஆனாலும் மின்னோட்டம் நிற்கவில்லை! தோல் தானாகவே சோடியத்தை வெளிப்புறத்திலிருந்து உட்புறத்திற்குக் கடத்திக்கொண்டிருந்தது. கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு அளந்தபோது, மின்னோட்டத்தின் அளவும் கடந்துசென்ற சோடியத்தின் அளவும் பொருந்தின. 1951 இல் உஸ்ஸிங்கும் அவருடைய துணைவரான செரானும் வெளியிட்ட இந்த முடிவால், சோடியக் கடத்தலை ஒரு மின்மானியின் முள்ளைப் பார்த்தே அளந்துவிட முடிந்தது.

பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் தோலுக்குப் பதிலாக, ஆப்பிரிக்க நகத்தவளையின் சிறுநீரகச் செல்களைச் சோதனைச்சாலையில் வளர்த்தார்கள். ஏ-6 என்பது அந்தச் செல் வகைக்கு இட்ட பெயர். அவை மெல்லிய தாங்கியின் மேல் நெருக்கமாக வளர்ந்து ஒரு படலமாகின்றன. அங்கே இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. செல்கள் மட்டுமே. 1985 இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் படலத்தின்மேல் அடினோசின் சேர்க்கப்பட்டபோது சோடியக் கடத்தல் கூடியது. சங்கின் ஒலியைக் குழல் செல்களே நேரடியாகக் கேட்கின்றன என்பதற்கு இது நல்ல சாட்சி.

அதற்காக, அடினோசின் எங்கும் சோடியத்தைக் கூட்டிக் கடத்தும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எலியின் சேகரிப்புக் குழாயை ஆராய்ந்தபோது, ஏ-1 ஏற்பி வழியாக அடினோசின் சோடிய வாயில்களை அடைப்பது தெரியவந்தது. செவி மாறினால் செயலும் மாறும் என்று சொன்னோம் அல்லவா?

இனி முழுச் சிறுநீரகத்திற்குள் நுழைந்து, மூன்று இடங்களில் நின்று பார்ப்போம்.

முதல் இடம்: தலைமதகு

ஹென்லே வளைவு மேலேறி முடியுமிடத்தில் ஒரு விந்தை காத்திருக்கிறது. அந்தக் குழல், தான் புறப்பட்ட அதே கிளாமருலஸின் அருகே வந்து, அதன் உட்செல் நுண்தமனியைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் நெருக்கமாக அமைந்த சில செல்கள் உள்ளன. மாக்குலா டென்சா என்பது அவற்றின் பெயர். இலத்தீனில் அடர்ந்த புள்ளி என்று பொருள்.

கால்வாயின் கடைமடையில் நின்று தண்ணீர் வரத்தைப் பார்த்து, தலைமதகைத் திருப்பச் சொல்லும் நீர்க்காரரைப் போன்றவை இந்தச் செல்கள். வரும் நீரில் உப்பு மிகுந்திருந்தால், வடிகட்டல் அளவுக்கு மீறி நடக்கிறது, குழலால் மீட்டு முடியவில்லை என்று அவை அறிகின்றன. உப்பை உறிஞ்சும் வேகத்தில் ஏ.டி.பி. வெளிப்படுகிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் நொதிகள் அதை அடினோசினாக மாற்றுகின்றன. அந்த அடினோசின் அருகிலுள்ள நுண்தமனியின் ஏ-1 ஏற்பியைத் தொடுகிறது. நுண்தமனி சுருங்குகிறது. கிளாமருலஸுக்குள் வரும் இரத்தம் குறைகிறது, வடிகட்டலும் குறைகிறது. மதகு இறங்கிவிட்டது!

உடலின் பெரும்பாலான இடங்களில் அடினோசின் இரத்தக்குழாய்களை விரிக்கிறது. இங்கே மட்டும் சுருக்குகிறது. இந்த விந்தையிலிருந்து தொடங்கி, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஹார்ட்முட் ஓஸ்வால்டு 1980 களின் தொடக்கத்தில் மதகை இயக்குவது அடினோசினே என்ற கருத்தை முன்வைத்தார். உறுதியான சான்றுக்கு மேலும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2001 இல், ஏ-1 ஏற்பிக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளை இரு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே சோதித்தன. அந்த எலிகளின் குழலில் எவ்வளவு உப்பு நீரைச் செலுத்தினாலும் மதகு அசையவில்லை. செவி இல்லாத ஊரில் சங்கு ஊதி என்ன பயன்?

இரண்டாம் இடம்: மூச்சு முட்டும் பகுதி

சிறுநீரகத்தின் வெளிப்பகுதிக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. உட்பகுதியான மெடுல்லாவின் நிலை வேறு. சிறுநீரை அடர்த்தியாக்க அங்கே உப்பும் யூரியாவும் குவிந்திருக்கவேண்டும். இரத்தம் வேகமாக ஓடினால் அந்தக் குவியலைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்கே இரத்தம் மெதுவாகவே ஓடுகிறது. விளைவு? வெளிப்பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 50 மில்லிமீட்டர் பாதரசம். மெடுல்லாவில் 10 முதல் 20 தான். ஆனால் ஹென்லே வளைவின் தடித்த பகுதி, உப்பில் கால் பங்கை மீட்கும் கடும் உழைப்பை அங்கேதான் செய்கிறது. கடும் வெயிலில் நீர் வற்றிப்போனாலோ, அதிக இரத்தம் இழந்தாலோ முதலில் மூச்சு முட்டுவது இந்தச் செல்களுக்கே.

அப்போது ஏ.டி.பி. வேகமாகச் செலவாகிறது, அடினோசின் சேர்கிறது, சங்கு ஊதுகிறது. இரண்டு செவிகள் கேட்கின்றன. குழல் செல்களின் ஏ-1 ஏற்பி கேட்டதும் உப்பு மீட்கும் வேலை தணிகிறது. எலியின் குழலைத் தனியே பிரித்துச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. அதே நேரத்தில் அங்குள்ள இரத்தக்குழாய்களின் ஏ-2-ஏ ஏற்பி கேட்டதும் அவை விரிகின்றன. செலவு குறைகிறது, வரவு கூடுகிறது. ஏழைக் குடும்பத்தை நடத்தும் தாயும் இப்படித்தானே செய்வார்?

மூன்றாம் இடம்: காபியின் இரகசியம்

மூன்றாவது இடம் அண்மைச் சுருள் குழல். இங்கே ஏ-1 ஏற்பி தூண்டப்பட்டால் சோடியம் மீட்பு கூடுகிறது. மெடுல்லாவில் நடந்ததற்கு நேர் எதிர்! முரண்பாடாகத் தோன்றுகிறதா? சற்றே சிந்தியுங்கள். அண்மைச் சுருள் குழல் ஆக்சிஜன் செழித்த வெளிப்பகுதியில் இருக்கிறது. வசதியுள்ள இடத்தில் அதிக உப்பை மீட்டுவிட்டால், மூச்சு முட்டும் மெடுல்லாவுக்கு அனுப்பும் சுமை குறையும். மதகு இறங்குவதும் அந்தச் சுமையைத்தான் குறைக்கிறது. மூன்று இடங்களில் மூன்று வெவ்வேறு செயல்கள், நோக்கமோ ஒன்றே.

இப்போது காபிக்கு வருவோம். காபி குடித்தால் சிலருக்குச் சிறுநீர் அதிகம் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். காபியிலுள்ள காஃபீன் அடினோசினின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அவற்றைத் தூண்டுவதில்லை. செவியில் பஞ்சு அடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. மூளையில் அடினோசின் தூக்கத்தை வரவழைக்கும் செய்தி. பஞ்சடைத்த மூளை அதைக் கேட்பதில்லை, ஆகவே விழித்திருக்கிறது. அண்மைச் சுருள் குழலும் கேட்பதில்லை. ஆகவே சோடியம் மீட்பு சற்றே குறைந்து, உப்போடு நீரும் வெளியேறுகிறது. ஏ-1 ஏற்பி இல்லாத எலிகளுக்குக் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரும் உப்பும் கூடவில்லை என்று 2005 இல் வெளியான ஆய்வு கூறியது. நாள்தோறும் காபி குடித்துப் பழகியவர்களிடம் இந்த விளைவு மிகவும் குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒரு தோல்வி, ஒரு வெற்றி

இதயம் பலவீனமானவர்களின் உடலில் உப்பும் நீரும் தேங்கும். கால் வீங்கும்; மூச்சுத் திணறும். ஏ-1 செவியை மட்டும் அடைக்கும் மருந்து ஒன்று கொடுத்தால் என்ன? அண்மைக் குழல் உப்பை விடும். மதகோ இறங்காது, ஆகவே வடிகட்டலும் குறையாது. தாளில் எழுதிப் பார்த்தால் அருமையான யோசனை! ரோலோஃபிலின் என்ற மருந்து அவ்வாறே உருவானது. 2,000 க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2010 இல் முடிவு வெளியாயிற்று. எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை. சிலருக்கு வலிப்பும் வந்தது. மூளையிலும் அடினோசினின் ஏ-1 செவிகள் இருக்கின்றன அல்லவா!

வெற்றி வேறொரு வழியில் வந்தது. நீரிழிவு நோயில் குழலுக்குள் வடியும் குளுக்கோஸ் மிகுதி. அண்மைச் சுருள் குழலில் குளுக்கோசை மீட்கும் கடத்திப் புரதம், ஒவ்வொரு குளுக்கோசுடனும் ஒரு சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. ஆகவே அங்கே சோடியம் அளவுக்கு மீறி மீட்கப்பட்டு, மாக்குலா டென்சாவை வந்தடையும் உப்பு குறைகிறது. கடைமடைக்காரர் ஏமாந்துபோகிறார். வடிகட்டல் போதவில்லை என்று எண்ணிச் சங்கை ஊதாமல் இருக்கிறார். மதகு அகலத் திறந்தே கிடக்கிறது. கிளாமருலஸில் அழுத்தம் ஏறி, ஆண்டுக்கணக்கில் அந்த மென்மையான சல்லடை சிதைகிறது.

1835 இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது குளுக்கோஸ் கடத்தியை அடைத்துச் சிறுநீரில் சர்க்கரையை வெளியேறச் செய்யும். அதன் அமைப்பை ஒட்டி உருவான மருந்துகள் இன்று நீரிழிவுக்குப் பயன்படுகின்றன. கடத்தி அடைபட்டால் குளுக்கோசும் சோடியமும் கீழே இறங்கும், மாக்குலா டென்சாவுக்கு உண்மை தெரியும், அடினோசின் சுரக்கும், மதகு இறங்கும், சல்லடைக்கு ஓய்வு கிடைக்கும். எலிகளில் செய்த சோதனைகள் இதில் அடினோசினின் பங்கை ஆதரிக்கின்றன. மனிதரில் இரத்தக்குழாய்கள் மாறும் விதம் எல்லா நோயாளிகளிடமும் ஒன்றுபோல் இல்லை, ஆராய்ச்சி தொடர்கிறது. பயன் மட்டும் ஐயத்திற்கு இடமில்லாதது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்ட 4,401 பேரிடம் இவ்வகை மருந்துகளில் ஒன்றான கனாகிளிஃப்ளோசினைச் சோதித்த முடிவு 2019 இல் வெளியானது. சிறுநீரகச் செயலிழப்பு முதலிய கடும் விளைவுகள் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. டயாலிசிஸ் எந்திரத்தை நம்பி வாரத்தில் பல மணி நேரம் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் மதிப்பு புரியும்.

இரு மருந்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று உடலெங்கும் உள்ள செவிகளை அடைத்தது. மற்றொன்று கடைமடைக்காரருக்கு உண்மை நிலவரத்தைத் தெரிவித்து, சங்கை உரிய இடத்தில் ஊதவைத்தது.

நண்டின் கால் நரம்பு, தவளைத் தோல், கினிப்பன்றியின் இதயம், ஆப்பிள் மரத்தின் பட்டை. இவற்றை ஆராய்ந்தவர்களுள் எவரும் நீரிழிவு நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். கண்ணெதிரே கண்டதை ஏன், எவ்வாறு என்று கேட்டவர்கள். அவர்களுடைய விடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இன்று ஒரு மருந்தாக மேசைமேல் இருக்கின்றன.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கேள்வி. ஒருவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு. உடலில் நீரும் உப்பும் வற்றிவிட்டன. அவருடைய சிறுநீரகத்தில் நாம் பார்த்த மூன்று இடங்களில் எந்தெந்த இடத்தில் சங்கு ஊதும்? எந்த இடத்தில் ஊதாமல் இருப்பது நல்லது? நெஃப்ரானின் படத்தை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் செவியின் பெயரை எழுதி, வகுப்பில் ஆசிரியருடன் விவாதித்துப் பாருங்கள்.